இரவில் ப்ளோயரை நிறுத்தலாமா? எஸ்.டி.பி. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

ஓஎம்ஆர்_வாசி (வெள்ளி, இரவு 10.12)

எங்கள் குடியிருப்பில் 180 வீடுகள். தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. அதனால் கார் நிறுத்தும் அடித்தளத்தின் ஓரத்தில் சொந்தமாக ஒரு எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓடுகிறது. அதன் தொட்டிக்குக் காற்று ஊதுவது ப்ளோயர். சுத்திகரித்த தண்ணீர் கழிப்பறை ஃப்ளஷுக்கும் செடிகளுக்கும் போகிறது. மிச்சம் லாரியில்.

போன சங்கக் கூட்டத்தில் பொது மீட்டரின் கரண்ட் பில் பற்றிப் பேச்சு வந்தது. "ராத்திரி 11 மணிக்கு மேல் யார் குளிக்கிறார்கள், யார் துணி துவைக்கிறார்கள்? அந்த ப்ளோயர் எதற்கு விடிய விடிய ஓடணும்? காலை 6 வரை நிறுத்திடலாம்" என்றார் பொருளாளர். பாதிப் பேர் அப்போதே கை தூக்கிவிட்டார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துப் பேச விஷயம் தெரியாது. அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள்.

நிறுத்தலாமா, கூடாதா? அந்தத் தொட்டிகளுக்குள் என்னதான் நடக்கிறது? காலையில் ஃப்ளஷ் செய்தால் இப்போதே லேசாக ஒரு வாடை வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார்_முருகு (இரவு 10.31)

தாராளமாக நிறுத்துங்க சார். எங்கள் பிளாட்டில் ரொம்ப நாளாக அப்படித்தான். ஒன்றும் ஆகவில்லை. மாதாமாதம் லேப் ரிப்போர்ட் வருது, பி.ஓ.டி. (தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கைக் காட்டும் அளவு) 8. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காட்ட அது போதும். எல்லாம் கான்ட்ராக்டர்கள் பயமுறுத்துறது.

பழைய_ஆபரேட்டர் (இரவு 11.05)

முருகு அண்ணே, உங்கள் 8-க்கு அப்புறம் வருகிறேன்.

வாசி சார், முதலில் உங்கள் வீடுகளின் கணக்கு. வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றுதான் வடிவமைப்பில் எடுப்பார்கள். அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும். ஆக, தினமும் ஏறக்குறைய 78,000 லிட்டர். இதில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர். மீதி உள்ள அந்தத் துளியை எடுக்கத்தான் இத்தனை தொட்டி.

முதலில் கம்பி வலை. துணி, நாப்கின், ஷாம்பு பாக்கெட், காது குடையும் பஞ்சு எல்லாம் இங்கே நிற்கும். தினமும் ஒருவர் வாரி எடுக்க வேண்டும். அடுத்து எண்ணெய்ப் பொறி. அப்புறம் ஈக்வலைசேஷன் டேங்க். காலை 6 முதல் 10 வரை வெள்ளமாக வரும், மதியம் சொட்டும். அதைச் சேர்த்து வைத்து நாள் முழுக்க ஒரே சீராக உள்ளே அனுப்புவது இந்தத் தொட்டியின் வேலை. பொருளாளர் சொன்னது இங்கேயே அடிபடுகிறது. ராத்திரி 2 மணிக்கு யாரும் குளிக்காவிட்டாலும், 9 மணிக்குக் கழுவிய பாத்திரத் தண்ணீர் அப்போதுதான் ஏரேஷன் டேங்குக்குள் போய்க்கொண்டிருக்கும்.

அந்த ஏரேஷன் டேங்க்தான் மொத்த விஷயமும். உள்ளே இருப்பது பாக்டீரியா. தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று, பெருகி, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகும். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்தது இப்போது கீழே உட்காரும் பொருளாகிவிட்டது, அவ்வளவுதான் ரகசியம். அடுத்த தொட்டியில் அது படியும், மேலே தெளிந்த தண்ணீர் வழியும். படிந்ததில் பெரும்பகுதியைத் திரும்ப ஏரேஷன் டேங்குக்கே பம்ப் செய்வோம், கூடுதலானதை வெளியே எடுப்போம். தெளிந்த தண்ணீருக்கு மணல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி, குளோரின்.

இந்த உயிர்களுக்கு மூச்சு ப்ளோயர். தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்காவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். காற்று நின்றால் அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நீங்கள் சொல்வது 7 மணி நேரம்! எல்லாம் அடியில் படிந்து டிஃப்யூசர்களின் மேல் உட்காரும். டிஃப்யூசர் என்பது நுண்துளை போட்ட ரப்பர் சவ்வு. துளை அடைத்தால் மறுநாள் காற்றுக்கு வழி இல்லை, அழுத்தம் ஏறும், மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ராத்திரி மிச்சம் பிடித்த யூனிட்டில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.

நல்ல டேங்க் சுக்குக் காபி நிறத்தில் இருக்கும், பக்கத்தில் நின்றால் மண் வாசனைதான் வரும். உங்களுடையது எப்படி இருக்கிறது?

நுண்ணுயிர்_டீச்சர் (சனி, காலை 7.20)

ஆபரேட்டர் அண்ணா சொன்னது சரி, ஒரு திருத்தம் மட்டும். ஏழு மணி நேரத்தில் எல்லாம் செத்துவிடாது. அதில் பல பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமலும் சமாளிக்கும். அடிபடுவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறவை. அவை மெதுவாகத்தான் பெருகும், காற்று இல்லையென்றால் வேலையை நிறுத்திவிடும். கூடவே தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் இன்னொரு கூட்டம் தலைதூக்கும். அழுகிய முட்டை வாடை அதுதான். வாசி, உங்கள் ஃப்ளஷ் தண்ணீர் வாடையும் அந்த ரகமா?

காற்றை நிறுத்துவதே பாவம் என்றும் இல்லை. எஸ்.பி.ஆர். என்ற முறையில் ஒரே தொட்டியில் காற்று ஓடும், நிற்கும், படியும், வடியும். அப்படி நிறுத்தும் நேரத்தில் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி மேலே போய்விடும். அது நமக்கு நல்லதே. ஆனால் அது அளந்து வைத்த நேரம். இரவு முழுக்க என்பது வேறு கதை.

இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1914-இல் மான்செஸ்டரின் டேவிஹியூம் நிலையத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் செய்தது. கழிவுநீரில் வெறுமனே காற்றை ஊதினால் தெளிய வாரக்கணக்கில் ஆனது. அவர்கள் தெளிந்ததை மட்டும் கொட்டிவிட்டு, படிந்த சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்தது, கடைசியில் சில மணி நேரத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சேற்றைத்தான் நாம் இன்றைக்கும் பம்ப் வைத்துத் திருப்பி அனுப்புகிறோம்.

கல்லூரியில் மாணவிகளுக்கு இதை மைக்ராஸ்கோப்பில் காட்டுவேன். நன்றாக ஓடும் நிலையத்தின் ஒரு சொட்டில் வார்ட்டிசெல்லா இருக்கும். காம்பின் நுனியில் குட்டி மணி, வாயைச் சுற்றி மயிரிழைகள் சுழன்று பாக்டீரியாவை உள்ளே இழுக்கும். ஸ்லைடை லேசாகத் தட்டினால் காம்பு சுருள்வில் போலச் சட்டென்று சுருங்கும். காற்று குறைந்த தொட்டியில் இதெல்லாம் காணாமல் போய், அவசரமாக நீந்தும் சின்னச் சின்ன ஒற்றைச் செல்கள்தான் மிஞ்சும். லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே இது சொல்லிவிடும்.

மோட்டார்_முருகு (காலை 8.02)

டீச்சர், பாடம் நல்லா இருக்கு. எங்கள் 8-க்கு யாரும் பதில் சொல்லலையே?

பழைய_ஆபரேட்டர் (காலை 8.40)

சொல்கிறேன். பி.ஓ.டி. என்பது பாக்டீரியா அந்தத் தண்ணீரைத் தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்ற அளவு. பாட்டிலில் அடைத்து 27 டிகிரியில் 3 நாள் வைத்துத்தான் அளக்க முடியும். வெளிநாடுகளில் 20 டிகிரியில் 5 நாள். உங்கள் ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த தேதியையும் ரிப்போர்ட் தேதியையும் பாருங்கள். மறுநாளே வந்திருந்தால் அந்த 8 எங்கிருந்து வந்தது என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, மாதிரியை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்? காலை 6 மணிக்கு ப்ளோயர் போட்டதும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூவக்கரை (காலை 9.15)

எண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் நுழைகிறேன். கழிவுநீருக்கு 20, 30 என்று வரம்பு வைக்கும் பழக்கம் பிரிட்டனின் ராயல் கமிஷன் 1912-இல் சொன்னதிலிருந்து வருகிறது. பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30. ஆனால் அதற்கு அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கலக்கும் ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஓட வேண்டும். கூவத்தில் மழைக்காலம் போனால் எந்த நல்ல தண்ணீர் ஓடுகிறது? சுத்திகரித்த கழிவுநீர்தான் அங்கே இருப்பதிலேயே நல்ல தண்ணீர்!

நம் நாட்டில் பி.ஓ.டி. வரம்பு நெடுங்காலம் 30 என்று இருந்தது. 2017-இல் மத்திய அரசு பெருநகரங்களுக்கு 20 என்றது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதையும் 10 ஆக்கச் சொன்னது. காகிதத்தில் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. காரணம் நிலையங்கள் மட்டும் இல்லை. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று பெரிய நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரும் கழிவு ஓரளவு தெளிந்துதான் வெளியே வருகிறது. போய்ச் சேராமல் மழைநீர் வடிகால் வழியாக நேராக ஆற்றில் விழுவதுதான் ஆறு கறுத்துக் கிடப்பதற்குக் காரணம். எத்தனை கட்டடங்களில் கழிவுக்குழாயை ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலில் சொருகியிருக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலையும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990-களிலேயே சென்னைக் கழிவுநீரை வாங்கி, தாங்களே ஆர்.ஓ. வைத்துச் சுத்தம் செய்து ஆலைக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. நாட்டில் பல நகரங்கள் அதை யோசிக்கக்கூட இல்லாத காலம். 2019-இல், நகரமே குடத்தோடு நின்ற அந்த வருடம், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரும் ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. ஒன்று வடக்கே மணலிப் பக்க ஆலைகளுக்கு, மற்றது இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு. அந்த அளவுக்கு ஏரித்தண்ணீர் நமக்கு மிச்சம்.

நொய்யல்காரன் (காலை 11.48)

ஏனுங்க, எல்லாத்தையும் பாக்டீரியா தின்னுபோடும்னு நினைச்சுக்காதீங்க. எங்க ஊர்க் கதையைக் கேளுங்க.

திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேணும். சாயம் நூலில் பிடிக்கும், உப்பு முழுசும் தண்ணியோடவே போயிரும். சாயப்பட்டறைக்காரங்க பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினாங்க. நிறம் கொஞ்சம் போச்சு, பி.ஓ.டி. குறைஞ்சுது. உப்பு? அப்படியே நொய்யலுக்குப் போச்சு. எந்த பாக்டீரியாவும் உப்பைத் தின்னாது. பாசனத்துக்குன்னு 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியா மாறிப்போச்சு. அந்தத் தண்ணி பட்ட காடு வெள்ளை பூத்துக் கிடந்துச்சு, கிணத்துத் தண்ணியை மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். பாசனத்துக்கு வெச்சிருந்த அணையைத் திறக்காதீங்கன்னு விவசாயிங்களே கோர்ட்டுக்குப் போக வேண்டியதாப் போச்சுங்க.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறையையும் மூடச் சொல்லுச்சு. ஒரு சொட்டு வெளியே விடாம ஓட்ட முடிஞ்சால் மட்டும் திற. இப்ப முதல்ல உயிரியல் முறை, அப்புறம் ஆர்.ஓ., ஆர்.ஓ.வில் ஒதுங்கற உப்புத்தண்ணியை ஆவியாக்கி உப்பை எடுத்து மறுபடி சாயத்துக்கே போடறாங்க. தண்ணியும் திரும்ப வருது. ஆனா ஆவியாக்கறதுக்குச் செலவு கொஞ்சநஞ்சமில்லைங்க. நீங்க ஒரு ப்ளோயர் பில்லுக்குக் கூட்டம் போடறீங்க, இங்க வந்து பாருங்க.

ஓஎம்ஆர்_வாசி (மதியம் 1.30)

எல்லோருக்கும் நன்றி. மூடியைத் திறந்து பார்த்தேன். சுக்குக் காபி இல்லை, கறுப்பு கலந்த சாம்பல். வாடை டீச்சர் சொன்ன ரகம்தான். டிஃப்யூசர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பையனை உள்ளே இறக்கலாமா என்று மெயின்டெனன்ஸ் கான்ட்ராக்டர் கேட்கிறார். வாடைக்கு கார்பன் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடும் கொடுத்திருக்கிறார்.

பழைய_ஆபரேட்டர் (மதியம் 1.37)

யாரையும் இறக்காதீர்கள். பையன், பெரியவர், கான்ட்ராக்டரே ஆனாலும் சரி. கறுத்த ஸ்லட்ஜை (படிந்த சேற்றை) கலக்கினால் அடைபட்டிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மொத்தமாகக் கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது, அதனால் ஆபத்தும் தெரியாது. முதலில் இறங்கியவர் விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். செப்டிக் டேங்க் சாவுகளில் இரண்டு மூன்று பேராகச் சாவது இதனால்தான். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன சங்கமும்தான் மாட்டும். டிஃப்யூசரைக் குழாயோடு மேலே தூக்கிக் கழுவும்படி அமைத்திருப்பார்கள், இல்லையென்றால் அமைக்கச் சொல்லுங்கள்.

கார்பன் இப்போது வேண்டாம். கலங்கிய தண்ணீர் போனால் புதுக் கார்பனும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் அளவு ஜாடி, கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக்கோ. ப்ளோயர் ஓடும்போது ஏரேஷன் டேங்கிலிருந்து நிரப்பி, ஆட்டாமல் 30 நிமிடம் வையுங்கள். எவ்வளவு படிகிறது, மேலே எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி (மாலை 5.10)

செய்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை, முழு ஜாடியும் ஒரே கலங்கல். அப்புறம் அடியில் கறுப்பாக ஒரு பட்டை. 30 நிமிட முடிவில் 130 மில்லி. மேலே உள்ள தண்ணீர் தெளியவில்லை, பொடிப்பொடியாகத் தூசி மிதக்கிறது. ஜாடிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் தலைப்பு மட்டும் தெரிகிறது.

பழைய_ஆபரேட்டர் (மாலை 5.42)

உங்கள் மாதிரி நிலையத்தில் 300, 400 மில்லி படிய வேண்டும், மேலே எழுத்துக் கூட்டி வாசிக்கும்படி தெளிய வேண்டும். ஸ்லட்ஜ் குறைவு, இருப்பதும் நோயாளி. காற்று போதவில்லை. ப்ளோயர் 24 மணி நேரமும் ஓடுகிறது என்று நிச்சயமாகத் தெரியுமா? லாக்புக்கை நம்பாதீர்கள். பேனலில் ஹவர் மீட்டர் இருக்கும். இன்று இரவு 9 மணிக்கு ஒரு போட்டோ, நாளை 9 மணிக்கு ஒரு போட்டோ.

வைகைப்பெண் (சனி, இரவு 8.05)

ஸ்லட்ஜ் குறைவென்றால் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவார்களே, எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

நுண்ணுயிர்_டீச்சர் (இரவு 8.50)

ஊற்றுவார்கள் அக்கா, எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மாட்டின் வயிற்றில் இருப்பவை பெரும்பாலும் காற்று ஆகாதவை. சாணி நார் ஜாடியில் படிந்து அளவைக் கூட்டிக் காட்டும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெல்லம் வெறும் தீனி. நன்றாக ஓடும் பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் ஸ்லட்ஜ் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல். அவர்களும் எப்படியும் கூடுதல் ஸ்லட்ஜை வெளியே எடுக்கத்தானே வேண்டும்.

வைகைப்பெண் (இரவு 9.02)

அப்படி வெளியே எடுத்த ஸ்லட்ஜ் எங்கே போகும்? அது உரமா, குப்பையா?

கூவக்கரை (இரவு 9.30)

பெரிய நிலையங்களில் மூடிய தொட்டியில் காற்றில்லாமல் செரிக்க விடுவார்கள். மீத்தேன் வரும், அதில் எஞ்சின் ஓட்டி நிலையத்துக்கே மின்சாரம் எடுக்கிறார்கள், சென்னையிலும் நடக்கிறது. குடியிருப்புகளில் பிழிந்து காயவைத்த கட்டியாக எடுப்பார்கள். செடிக்குப் போடலாம், ஆனால் புழு முட்டைகள் சாகிற அளவுக்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம்.

சாக்கடையே இல்லாத சின்ன ஊர்களில் செப்டிக் டேங்க் லாரி ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் பழக்கத்துக்கு மாற்றாக, மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் 2017-இல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. லாரி அங்கே இறக்கும், மணல் படுகையில் வடிந்து காயும், வடிந்த தண்ணீரைத் தனியாகச் சுத்தம் செய்வார்கள். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை.

ஓஎம்ஆர்_வாசி (ஞாயிறு, இரவு 9.25)

ஆபரேட்டர் சார், நீங்கள் கேட்ட போட்டோ எடுத்தேன். 24 மணி நேரத்தில் இரண்டு ப்ளோயருக்கும் சேர்த்து மீட்டர் 16 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. லாக்புக்கில் 24 என்று இருக்கிறது, நாளைய பக்கத்திலும் 24 என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரவு வாட்ச்மேனிடம் கேட்டேன். முதல் மாடியில் இருப்பவர்கள் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று சொன்னார்களாம், அதனால் 10 மணிக்கு நிறுத்தி 6 மணிக்குப் போடுகிறாராம். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதாவது பொருளாளர் மிச்சம் பிடிக்கப் பார்த்த கரண்ட் ஏற்கெனவே பில்லில் மிச்சம்!

பழைய_ஆபரேட்டர் (இரவு 9.51)

நினைத்தேன். வாட்ச்மேனைத் திட்டாதீர்கள், அவருக்கு இது மோட்டார், அவ்வளவுதான். சத்தத்துக்கு வழி இருக்கிறது. ப்ளோயருக்குச் சத்தம் அடக்கும் கூடு, காற்று இழுக்கும் வாயில் சைலன்சர், அடியில் ரப்பர் மெத்தை, குழாய்க்கு நெகிழும் இணைப்பு. நாலும் செய்தால் முதல் மாடி தூங்கும்.

வரிசையாகச் சொல்கிறேன். டிஃப்யூசரைத் தூக்கிக் கழுவுங்கள். ப்ளோயர் நிற்காமல் ஓடட்டும். ஒரு டேங்கர் நல்ல ஸ்லட்ஜ் கொண்டுவந்து போடுங்கள். தினமும் அதே நேரத்தில் ஜாடி வைத்து எழுதி வாருங்கள். 300 மில்லி தொட்டு மேலே தெளிந்த பிறகு, கரண்டைக் குறைக்க வேண்டுமென்றால் டைமர் வைத்து இரவில் 45 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் நிறுத்தம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மோட்டாருக்கு வி.எஃப்.டி. (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டால் இன்னும் நல்லது. அப்படியே வீடுகளில் ஒழுகும் ஃப்ளஷ் டேங்குகளைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரையே சாக்கடையாக்கி அதையும் சுத்திகரித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஓஎம்ஆர்_வாசி (கூட்டம் முடிந்த ஞாயிறு, மதியம் 12.40)

கூட்டம் முடிந்தது. அன்றைக்கு எடுத்த ஜாடியின் போட்டோவையும் இன்று காலை எடுத்த ஜாடியையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். இன்றையது 260 மில்லி, பழுப்பு, மேலே எழுத்து தெரிகிறது. சத்தம் அடக்கும் கூட்டுக்கும் டைமருக்கும் பணம் ஒதுக்கிவிட்டார்கள். பொருளாளர் இன்னும் முணுமுணுக்கிறார், ஆனால் ஃப்ளஷ் வாடை போய்விட்டதாக அவர் வீட்டு அம்மாவே எழுந்து சொன்னார்கள்.

மோட்டார்_முருகு (மதியம் 1.15)

ஆபரேட்டர் சார், அந்த ஹவர் மீட்டர் பேனலில் எந்த இடத்தில் இருக்கும்?

பழைய_ஆபரேட்டர் (மதியம் 1.22)

பேனல் கதவில்தான் அண்ணே, பெரும்பாலும் ஆம்பியர் மீட்டருக்குப் பக்கத்தில். இரண்டு ப்ளோயருக்கும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.